ஏஐ படிப்பதற்கு முன் உங்கள் எக்செல் ஷீட்டைப் பாருங்கள்: கணக்குப் பிரிவினருக்கான முழு வழிகாட்டி

கணக்குப் பிரிவு வேலைக்கு ஆள் தேடும் விளம்பரங்களில் முன்பெல்லாம் "டேலி தெரிந்திருக்க வேண்டும்" என்ற ஒரு வரி போதும் (டேலி, கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்). இப்போது அதே சம்பளத்துக்கு அட்வான்ஸ்டு எக்செல், தரவை வரைபடமாக்கிக் காட்டும் பவர் பிஐ, "ஏஐ டூல்ஸ் பயன்படுத்தத் தெரிந்தவர்" என்று பட்டியல் நீள்கிறது. ஏஐ வைத்து என்ன செய்யச் சொல்லப் போகிறோம் என்று விளம்பரம் கொடுத்தவருக்கே பல நேரம் தெரியாது. அது வேறு கதை.

ஆனால் போக்கு உண்மைதான். உலகப் பொருளாதார மன்றம் 2025 ஜனவரியில் வெளியிட்ட வேலைவாய்ப்பு அறிக்கையில், 2030-க்குள் மிக வேகமாகத் தேவை கூடும் திறன்களில் ஏஐயும் பிக் டேட்டாவும் முதலிடத்தில் உள்ளன. எண்ணிக்கையில் அதிகமாகக் குறையப்போகும் வேலைகளின் பட்டியலும் அதே அறிக்கையில் இருக்கிறது. கேஷியர், ஸ்டோர்ஸ் கிளார்க் ஆகியோரோடு கணக்கு எழுதுபவர்களும் சம்பளப் பட்டியல் போடுபவர்களும் அதில் இருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு, "முப்பது நாளில் ஏஐ" என்று விளம்பரம் செய்யும் ஏதாவது ஒரு கோர்ஸுக்குப் பணம் கட்டி, பைதான் என்ற நிரல்மொழியில் இதழ் நீளத்தை வைத்துப் பூக்களை வகைப்படுத்திவிட்டு, திங்கட்கிழமை அலுவலகம் வந்து பழையபடி பில்களை டிக் அடிப்பவர்களை நிறையப் பார்த்தாயிற்று. படித்ததற்கும் மேஜையில் கிடக்கும் வேலைக்கும் தொடர்பே இருக்காது. இந்த வழிகாட்டி எதிர்த்திசையில் போகிறது. உங்கள் மேஜையில் ஏற்கெனவே இருக்கும் ஒரு வேலையை எடுத்து, அதைத் தரவாகப் பார்க்கப் பழகி, அதன்பிறகு ஏஐயை அழைப்போம்.

படி 1: ஒரே ஒரு வேலையை எடுங்கள்

மாதாமாதம் திரும்ப வருகிற, இரண்டு இடத்துப் பட்டியல்களை ஒப்பிட வேண்டிய, தப்பானால் பணம் போகிற வேலையாக இருக்கட்டும். கணக்குப் பிரிவில் இதற்கு ஜிஎஸ்டிஆர்-2பி சரிபார்ப்பைவிடப் பொருத்தமானது கிடையாது. ஸ்டோர்ஸில் இருப்பவர் ஸ்டாக் ரிஜிஸ்டரையும் நேரில் எண்ணிய கணக்கையும் எடுக்கலாம். எச்ஆரில் இருப்பவர் வருகைப்பதிவையும் சம்பளப் பட்டியலையும் எடுக்கலாம். முறை ஒன்றுதான்.

2பி பற்றி, மற்ற துறைக்காரர்களுக்காகச் சுருக்கமாக. நீங்கள் பொருள் வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை, விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். இதைத்தான் இன்புட் எடுப்பது என்கிறோம். உங்களுக்கு விற்றதாக சப்ளையர்கள் காட்டிய பில்களை ஜிஎஸ்டி போர்ட்டல் மாதாமாதம் தொகுத்துத் தரும் பட்டியல்தான் 2பி. 2022 ஜனவரி 1 முதல், சப்ளையர் தன் ரிட்டர்னில் அந்தப் பில்லைக் காட்டி, அது உங்கள் 2பி-யில் வந்தால்தான் இன்புட். மாதாந்திரத் தாக்கல் என்றால், சப்ளையர் அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 போட வேண்டும். 14-ஆம் தேதி உங்களுக்கு 2பி வரும். 20-ஆம் தேதிக்குள் நீங்கள் வரி கட்டும் ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-3பி போட வேண்டும். ஒப்பிடுவது, சப்ளையருக்கு போன் போடுவது, ஆடிட்டரிடம் கேட்பது எல்லாம் இந்த ஒரு வாரத்துக்குள். அதில் ஒரு ஞாயிறும் கட்டாயம் உண்டு.

இன்னும் பல அலுவலகங்களில் பர்ச்சேஸ் ரிஜிஸ்டரையும் 2பி-யையும் பிரிண்ட் எடுத்து, ஒருவர் வாசிக்க இன்னொருவர் பென்சிலால் டிக் அடிக்கிறார். மாதம் அறுபது பில் என்றால் அதுவே போதும், குறை சொல்ல மாட்டேன். அறுநூறு என்றால் கட்டுப்படியாகாது.

படி 2: தரவைச் சுத்தம் செய்யுங்கள்

உண்மையான வேலை இதுதான். எந்த கோர்ஸிலும் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்கிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். அலுவலகத்தில் பெரும்பாலான நேரம் இங்கேதான் கரையும்.

டேலியிலிருந்து பர்ச்சேஸ் ரிஜிஸ்டரை எக்செலுக்கு எடுங்கள். போர்ட்டலிலிருந்து 2பி-யின் எக்செலை இறக்குங்கள். இரண்டின் அசல் ஃபைலையும் தனி ஃபோல்டரில் போட்டுவிட்டு, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். கணக்கு இடிக்கும்போது திரும்பிப் போக ஓர் இடம் வேண்டும்.

முதலில் அமைப்பு. ஒரு வரிசையில் ஒரு பில், ஒரு நெடுவரிசையில் ஒரே வகை விவரம், மேலே ஒரே ஒரு தலைப்பு வரிசை. 2பி ஃபைலில் தலைப்பு இரண்டு வரிசைகளில், இணைத்த கட்டங்களாக இருக்கும். அதைப் பிரித்து ஒற்றை வரிசையாக்குங்கள். டேலி எக்ஸ்போர்ட்டில் மேலே கம்பெனி பெயரும் முகவரியும், கீழே கூட்டுத்தொகையும் ஒட்டிக்கொண்டு வரும், நீக்குங்கள். அழகுக்காக நடுவில் விட்ட காலி வரிசைகளையும் நீக்குங்கள். மஞ்சள் வண்ணம் அடித்து "இது பார்த்தாச்சு" என்று குறித்து வைப்பவர்கள், வண்ணத்துக்குப் பதில் "நிலை" என்று ஒரு நெடுவரிசை சேர்த்து எழுத்தாகவே போடுங்கள். ஃபார்முலாவுக்கு வண்ணம் தெரியாது.

அடுத்து ஜிஎஸ்டி எண். இது 15 எழுத்து. முதல் இரண்டு மாநிலக் குறியீடு (தமிழ்நாட்டுக்கு 33), அடுத்த பத்து பான் எண். எழுத்துகளை எண்ணும் லென் (LEN) ஃபார்முலா போட்டு 15 வராதவற்றை வடிகட்டினால், சப்ளையர்களின் விவரப் பட்டியலான சப்ளையர் மாஸ்டரில் தப்பாக ஏற்றியவை உடனே சிக்கும். ஆங்கில எழுத்து ஓ இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம் இருப்பதை மட்டும் லென் பிடிக்காது. பான் பகுதியில் முதல் ஐந்தும் எழுத்து, அடுத்த நான்கும் எண், கடைசியில் எழுத்து என்பதை வைத்து அதைப் பிடிக்க வேண்டும்.

பில் எண்தான் பெரிய தலைவலி. விதிப்படி அது 16 எழுத்துக்கு மிகாமல், எழுத்து, எண், ஹைஃபன், சாய்கோடு மட்டும் கொண்டு, நிதியாண்டுக்குள் திரும்ப வராததாக இருக்க வேண்டும். சப்ளையர் "எஸ்டி/0047/25-26" என்று அச்சடித்திருப்பார். நம் ஆள் அவசரத்தில் "எஸ்டி 47" என்று அடித்திருப்பார். சில பில் எண்களை எக்செலே மாற்றிவிடும்: "4/25" என்று அடித்தால் அது ஏப்ரல் 2025 ஆகிவிடும், "1-4" தேதியாகிவிடும். இதை நம் ஊர்ப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் சர்வதேசக் குழு, எக்செல் தேதியாக்கிக்கொண்டே இருந்ததால், மார்ச்1, செப்ட்1 போன்ற மரபணுக்களின் பெயரையே மாற்றியதை 2020-இல் அறிவித்தது. எக்செலைத் திருத்துவதைவிட மரபணுவின் பெயரை மாற்றுவது சுலபம் என்று ஆகிவிட்டது. நாம் செய்ய வேண்டியது அவ்வளவு பெரியதில்லை: தரவை உள்ளே கொண்டுவரும்போதே அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று அமைத்துவிடுங்கள். உள்ளே வந்து தேதியான பிறகு ஃபார்மேட்டை மாற்றினால் பழைய எண் திரும்பாது.

கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகளும் உண்டு. முன்னும் பின்னும் இருப்பவற்றை ட்ரிம் (TRIM) ஃபார்முலா எடுத்துவிடும். ஆனால் வெப் பக்கத்திலிருந்தோ பிடிஎஃப்பிலிருந்தோ ஒட்டியதில் 160 என்ற எண் கொண்ட வேறு வகை இடைவெளி இருக்கும். ட்ரிம் அதைத் தொடாது. சப்ஸ்டிட்யூட் (SUBSTITUTE) ஃபார்முலாவில் CHAR(160) கொடுத்துத்தான் நீக்க வேண்டும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு எண்கள் ஏன் பொருந்தவில்லை என்று மணிக்கணக்கில் மண்டையை உடைப்பவர்களில் பாதிப் பேருக்கு விடை இதுதான்.

தொகை உண்மையிலேயே எண்ணாக இருக்கிறதா என்று பார்க்க, அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்துக் கீழே உள்ள பட்டையைப் பாருங்கள். கூட்டுத்தொகை வராமல் எண்ணிக்கை மட்டும் வந்தால், அவை எண் வேடம் போட்ட எழுத்துகள். வங்கிக் கணக்கு எண் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: எக்செல் எண்களை 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும். அதற்கு மேல் உள்ளவற்றைச் சத்தமில்லாமல் பூஜ்யமாக்கிவிடும்.

கடைசியாக, ஃபைல் வகை. பழைய எக்செல் வகையில் 65,536 வரிசைதான் கொள்ளும். புதியதில் 10,48,576. இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் கடைசி வாரத்தில் கொரோனா பரிசோதனை முடிவுகளைப் பழைய வகை ஃபைலில் சேர்த்தபோது இடம் போதாமல், 15,841 தொற்றாளர்கள் தினசரிக் கணக்கிலேயே வராமல் போனார்கள். எந்த எச்சரிக்கையும் வரவில்லை.

படி 3: பொருத்துங்கள்

இரண்டு பட்டியலிலும் ஒரு பில்லை அடையாளம் காட்டும் சாவி ஒன்று வேண்டும். ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, சுத்தம் செய்த பில் எண் மூன்றையும் நடுவில் ஒரு குறி போட்டுச் சேர்த்தால் அதுதான் சாவி. பில் எண் மட்டும் போதாது. இருபது சப்ளையரிடமும் "1" என்ற பில் இருக்கும்.

இந்த இடத்தில் எல்லோரும், ஒரு பட்டியலில் இருப்பதை இன்னொன்றில் தேடி எடுக்கும் வீலுக்கப் (VLOOKUP) ஃபார்முலாவுக்குத்தான் ஓடுவார்கள். இரண்டு குறை அதில் உண்டு. கடைசி இடத்தில் ஃபால்ஸ் கொடுக்க மறந்தால், சரியான பொருத்தத்துக்குப் பதில் கிட்டத்தட்ட ஒன்றைக் கொண்டுவந்து நம்பிக்கையாக நிற்கும். மேலும் அது முதலில் கிடைப்பதை மட்டுமே எடுக்கும். ஒரே பில்லில் 5 சதவீதப் பொருளும் 18 சதவீதப் பொருளும் இருந்தால் உங்கள் ரிஜிஸ்டரில் அது இரண்டு வரிசையாக இருக்கலாம். வீலுக்கப் ஒன்றை மட்டும் காட்டி, வரி குறைகிறது என்று பயமுறுத்தும். அதன் புதிய வடிவமான எக்ஸ்லுக்கப்பிலும் (XLOOKUP) இரண்டாவது குறை அப்படியே இருக்கிறது. அதனால் நிபந்தனைக்குப் பொருந்துபவற்றைக் கூட்டும் சம்இஃப்ஸ் (SUMIFS) பயன்படுத்துங்கள்: அந்தச் சாவிக்கு உங்கள் ரிஜிஸ்டரில் மொத்த வரி எவ்வளவு, 2பி-யில் எவ்வளவு, வித்தியாசம் எவ்வளவு. கூடவே அவற்றை எண்ணும் கவுன்ட்இஃப்ஸ் (COUNTIFS) போட்டு ஒரே பில் இரண்டு முறை ஏறியிருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.

முடிவுகளைப் பிரியுங்கள். வித்தியாசம் ஒன்றிரண்டு ரூபாய்க்குள் என்றால் ரவுண்டிங், பொருந்தியதாகவே கொள்ளலாம். சாவி பொருந்தித் தொகை மாறினால், பில்லை எடுத்துப் பார்க்க வேண்டும். 2பி-யில் இருக்கிறது, நம்மிடம் இல்லை என்றால், பில் யாருடைய டிராயரிலாவது கிடக்கும், அல்லது சப்ளையர் தவறான ஜிஎஸ்டி எண்ணில் போட்டிருப்பார். 2024 அக்டோபரில் போர்ட்டலில் வந்த இன்வாய்ஸ் மேனேஜ்மென்ட் சிஸ்டத்தில் அப்படிப்பட்டதை நிராகரிக்க வழி இருக்கிறது.

நம்மிடம் இருக்கிற, ஆனால் 2பி-யில் இல்லாத பில்கள்தான் பணம் தொங்கும் இடம். இங்கே உடனே போனை எடுத்துச் சத்தம் போட வேண்டாம். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி வரை உள்ளவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் திட்டத்தில் இருக்கலாம். முதல் இரண்டு மாதப் பில்களை அவர்கள் ஐஎஃப்எஃப் (பில் விவரத்தை மட்டும் ஏற்றும் போர்ட்டல் வசதி) வழியாக ஏற்றினால்தான் அந்தந்த மாதமே உங்களுக்குத் தெரியும். ஏற்றுவது அவர்கள் விருப்பம். ஆக, சப்ளையர் மாஸ்டரில் "மாதமா, காலாண்டா" என்று ஒரு நெடுவரிசை சேருங்கள். பாதி "காணாமல் போன" பில்களுக்கு அந்த ஒரு நெடுவரிசையே பதில் சொல்லிவிடும். தரவுத் திறன் என்று பெரிய பெயரில் சொல்வது பெரும்பாலும் இதுதான்: எந்த விவரத்தைச் சேர்த்தால் கேள்வி தீரும் என்று தெரிந்துகொள்வது. அதைத் தொழில் தெரிந்தவர் மட்டுமே செய்ய முடியும். நாற்பது வயதில் இதையெல்லாம் இனிமேல் கற்க முடியுமா என்று தயங்கும் அக்கவுன்டன்ட் அண்ணன்களும் அக்காக்களும், புதிதாக வரும் பட்டதாரியைவிட முன்னால் இருப்பது இந்த இடத்தில்.

எல்லாம் போக, "எஸ்டி 47" மாதிரி சில மிஞ்சும். இவற்றுக்கு இரண்டாவது சுற்று. ஜிஎஸ்டி எண்ணும் தொகையும் ஒன்றாக இருந்து பில் எண் மட்டும் வேறுபடுபவற்றைப் பட்டியலிட்டு, கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள். இதைத் தானாக ஏற்கும்படி மட்டும் எப்போதும் அமைக்காதீர்கள். மாதம் இரண்டு தடவை ஒரே தொகைக்குப் பில் போடும் செக்யூரிட்டி ஏஜென்சிகள் நிறைய.

படி 4: பிவட் டேபிள்

நீண்ட பட்டியலைச் சப்ளையர் வாரியாக, மாத வாரியாகத் தொகுத்துக் கூட்டிக் காட்டும் எக்செல் வசதி இது. இதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை, யூடியூபில் தமிழிலேயே நிறைய இருக்கிறது. நான் சொல்ல விரும்புவது, என்ன கேட்பது என்பதைத்தான். எந்த சப்ளையரால் அதிக இன்புட் தொங்குகிறது? ஒரே சப்ளையர் தொடர்ந்து மூன்று மாதமாகத் தாமதிக்கிறாரா? நம் தரப்பில் பில் ஏற்றும்போது எந்தக் கிளையில் தப்பு அதிகம்? இந்த மூன்று பட்டியலை முதலாளி மேஜையில் வைத்தால், சப்ளையருக்கு அடுத்த பேமென்ட் போடும் முன் உங்களைக் கூப்பிட்டுக் கேட்பார்.

படி 5: இப்போது ஏஐ

சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று வெளிவந்தது. அதன்பின் ஜெமினி, கிளாட், கோபைலட் என்று பல. இவை எல்லாமே அடிப்படையில் அடுத்து என்ன சொல் வரும் என்று கணித்து எழுதுபவை. அதனால் மொழி வேலையில் கெட்டி. நீளமான கூட்டல் கணக்கைத் தலையிலேயே போடச் சொன்னால் நம்ப முடியாது. ஆக, விடையைக் கேட்காதீர்கள், ஃபார்முலாவைக் கேளுங்கள். கூட்டலை எக்செல் செய்யட்டும். சில கருவிகள் உள்ளே பைதான் ஓட்டிக் கணக்கிடும். அப்போதும் ஓட்டிய நிரலைக் காட்டச் சொல்லுங்கள்.

"2பி சரிபார்க்க ஃபார்முலா வேண்டும்" என்று மட்டும் கேட்டால், உலகத்துக்கே பொதுவான ஒரு பதில் வரும். உங்கள் நிலவரத்தைச் சொல்லிக் கேளுங்கள். இப்படி:

"நான் எக்செல் 2016 பயன்படுத்துகிறேன், எக்ஸ்லுக்கப் இல்லை. 'புக்ஸ்' ஷீட்டில் முதல் நெடுவரிசை சப்ளையர் ஜிஎஸ்டி எண், இரண்டாவது பில் எண், மூன்றாவது மொத்த வரி. '2பி' ஷீட்டிலும் அதே அமைப்பு. பில் எண்களில் இடைவெளி, ஹைஃபன், சாய்கோடு ஆகியவை ஆளுக்கு ஒரு விதமாக இருக்கும். அவற்றை நீக்கி, ஜிஎஸ்டி எண்ணோடு சேர்த்துச் சாவி உருவாக்க ஃபார்முலா வேண்டும். முன்னால் உள்ள பூஜ்யங்களை நீக்க வேண்டாம். ஒவ்வொரு பகுதியும் என்ன செய்கிறது என்று தமிழில் விளக்கு. எந்த மாதிரி பில் எண்ணில் இது தவறாகப் பொருத்தும் என்றும் சொல்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். சாய்கோட்டை நீக்கினால் "1/12" என்ற பில்லும் "11/2" என்ற பில்லும் இரண்டுமே "112" ஆகிவிடும். நல்ல கருவி, கேட்டால் இதைச் சொல்லும். கேட்காவிட்டால் ஃபார்முலாவை மட்டும் கொடுத்துவிட்டு வாழ்த்துச் சொல்லும். பதிலில் இது வரவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். நீக்குவதற்குப் பதில் எல்லாக் குறிகளையும் ஒரே ஹைஃபனாக மாற்றும்படி திருத்திக்கொள்ளலாம்.

ஃபார்முலா தவிர இன்னும் இரண்டு இடத்தில் ஏஐ நன்றாக உதவும். முன்னால் இருந்த ஊழியர் எழுதிவிட்டுப் போன, மூன்று வரி நீளமுள்ள இஃப்-க்குள் இஃப் ஃபார்முலாவைப் புரியவைக்க. அப்புறம், சப்ளையருக்கு எழுத. ஈரோட்டுக் கடைக்காரர் சூரத்தில் துணி வாங்கியிருக்கிறார். பில் 2பி-யில் இல்லை. நம் ஆளுக்கு இந்தி வராது. "மரியாதையாக, ஆனால் பில் ஏறும்வரை வரித்தொகையை நிறுத்தி வைப்போம் என்பதைத் தெளிவாக, இந்தியில் நான்கு வரி" என்று கேட்டால் வந்துவிடும். அனுப்புமுன் அதையே தமிழில் திருப்பிச் சொல்லச் சொல்லிப் படித்துப் பாருங்கள்.

வரிச் சட்டம், கடைசித் தேதி, விகிதம் ஆகியவற்றை மட்டும் இதனிடம் கேட்டு முடிவெடுக்காதீர்கள். போன வருட விதியை இன்றைய விதி போலச் சொல்லும், குரலில் தயக்கமே இருக்காது. போர்ட்டலையும் ஆடிட்டரையும் கேளுங்கள்.

படி 6: எதை ஒட்டக் கூடாது

மேலே உள்ள கேள்வியில் ஒரு சப்ளையர் பெயரோ தொகையோ இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அமைப்பை மட்டும் விவரித்தாலே ஃபார்முலா கிடைக்கும். மாதிரி தேவைப்பட்டால் கற்பனையாக ஐந்து வரிசை எழுதுங்கள். சம்பளப் பட்டியல், ஆதார், பான், வாடிக்கையாளர் போன் எண், வங்கி விவரம் எதையும் சொந்த இலவசக் கணக்கில் திறந்த ஏஐயில் ஒட்ட வேண்டாம்.

2023-இல் சாம்சங் ஊழியர்கள் கம்பெனியின் நிரலை சாட்ஜிபிடியில் ஒட்டியது தெரிந்து, நிறுவனம் இத்தகைய கருவிகளுக்குத் தடை போட்டது. நம் மத்திய நிதியமைச்சகமும் 2025 ஜனவரியில் அலுவலகக் கணினிகளில் சாட்ஜிபிடி, டீப்சீக் போன்றவற்றைத் தவிர்க்கச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டது. தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறி, அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன. அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். உங்கள் அலுவலகத்தில் இதற்கு எழுத்துபூர்வமான விதி இருக்கிறதா என்று கேளுங்கள். "அதெல்லாம் ஒன்றுமில்லை, சும்மா போடு" என்று வாய்மொழியாகச் சொன்னால், ஒரு மெயில் அனுப்பிப் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: சரிபார்ப்பு

2025 அக்டோபரில் டெலாய்ட் ஆஸ்திரேலியா, அந்நாட்டு அரசுக்குச் சுமார் 4,40,000 ஆஸ்திரேலிய டாலருக்குச் செய்துகொடுத்த அறிக்கையில் இல்லாத ஆய்வுக் கட்டுரைகளெல்லாம் மேற்கோளாக இருந்தது வெளிவந்து, பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. அறிக்கை தயாரிப்பில் ஏஐ பயன்பட்டிருந்தது. அவ்வளவு பெரிய ஆடிட் நிறுவனத்திலேயே யாரும் கடைசியில் ஒருமுறை திறந்து பார்க்கவில்லை.

நம் வேலைக்குச் சோதனை எளிது. பொருந்தியவை, தொகை மாறியவை, 2பி-யில் இல்லாதவை, சந்தேகத்துக்குரியவை என்று நம் ரிஜிஸ்டரைப் பிரித்தோம் அல்லவா, அவற்றின் வரித்தொகைகளைக் கூட்டினால் டேலி ரிஜிஸ்டரின் மொத்தத்தோடு பைசா பிசகாமல் வர வேண்டும். வரவில்லை என்றால் எங்கோ வரிசை விட்டுப்போயிருக்கிறது அல்லது இரட்டித்திருக்கிறது. அதன்பின் தொகையில் பெரிய பத்து பில்களைக் கையால் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு வேறு பத்தைத் தேர்ந்து அவற்றையும் பாருங்கள்.

புதிய ஃபார்முலா என்றால் முன்கூட்டியே ஒரு பொறி வையுங்கள். விடை தெரிந்த சின்ன ஃபைல் ஒன்றில் இரட்டைப் பில், இரண்டு வரி விகிதம், தேதியாகிப்போன பில் எண், 14 எழுத்து ஜிஎஸ்டி எண், "1/12"-உம் "11/2"-உம் என்று வேண்டுமென்றே தப்புகளைப் போட்டு, ஃபார்முலா எதையெல்லாம் பிடிக்கிறது என்று பாருங்கள். இந்த ஃபைலைப் பத்திரமாக வைத்திருங்கள். ஏஐ கொடுத்தது, பக்கத்து சீட்காரர் கொடுத்தது, நீங்களே எழுதியது எதுவானாலும் இதன் வழியாகப் போன பிறகுதான் உண்மையான தரவைத் தொட வேண்டும்.

படி 8: மாதாமாதம் தானாக ஓட

இரண்டாவது மாதமும் அதே சுத்தம் செய்யும் வேலையைக் கையால் செய்தால் அலுத்துவிடும். எக்செல் 2016 முதல் டேட்டா மெனுவுக்குள்ளேயே பவர் கொரி (Power Query) என்ற, தரவைச் சுத்தம் செய்யும் கருவி இருக்கிறது. நெடுவரிசையை டெக்ஸ்ட் ஆக்குவது, மேல் வரிசைகளை நீக்குவது, இடைவெளி எடுப்பது எல்லாவற்றையும் ஒருமுறை செய்து காட்டினால் அது படிகளாகப் பதிவு செய்துகொள்ளும். அடுத்த மாதம் ஃபோல்டரில் புது ஃபைலைப் போட்டு ரிஃப்ரெஷ் அழுத்தினால் போதும். போர்ட்டலில் ஃபைலின் அமைப்பு மாறிய மாதம் மட்டும் அது நின்றுவிடும். எந்தப் படியில் நின்றது என்று காட்டும், அதைத் திருத்திக்கொள்ளலாம். எக்செலுக்குள் எழுதும் சிறு நிரலான மேக்ரோவைவிட இது பாதுகாப்பானது, விட்டுவிட்டுப் போகும்போது அடுத்தவருக்கும் புரியும்.

படி 9: அடுத்து என்ன படிப்பது, எங்கே

பவர் கொரி கைவந்த பிறகு எஸ்கியூஎல். அட்டவணைகளிடம் கேள்வி கேட்கும் மொழி அது. 1970-களில் பிறந்தது, இன்னும் எல்லா நிறுவனங்களிலும் ஓடுகிறது. பைதான் அதற்கு அடுத்து, தேவைப்பட்டால் மட்டும். கணக்குப் பிரிவில் பலருக்குத் தேவைப்படாது என்பது என் கணிப்பு. பதிலாக, புள்ளியியலில் சராசரிக்கும் இடைநிலைக்கும் என்ன வேறுபாடு, சதவீதம் எப்போது ஏமாற்றும் என்ற அளவுக்காவது படித்து வைப்பது நல்லது.

பணம் கட்டும் முன் இலவசமாகக் கிடைப்பவற்றைத் தீர்த்துவிடுங்கள். என்பிடெல் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். மைக்ரோசாஃப்ட் லேர்ன் தளமும் பவர் பிஐ டெஸ்க்டாப்பும் இலவசம். கணியம் தளத்தில் மைஎஸ்கியூஎல், மெஷின் லேர்னிங் பற்றி எளிய தமிழில் மின்னூல்கள் இருக்கின்றன. கல்லூரியில் படிப்பவர்களுக்குத் தமிழக அரசின் நான் முதல்வன் திட்டம் 2022 முதல் இருக்கிறது. வேலையை விடாமல் பட்டமே வேண்டும் என்பவர்களுக்கு, சென்னை ஐஐடி 2020-இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பிஎஸ் படிப்பு. ஜேஇஇ தேவையில்லை, தகுதிச் சுற்றில் தேறினால் போதும், நடுவில் டிப்ளமோவோடு வெளியேறவும் வழி உண்டு. பாடச்சுமை கடுமையானது, அதை மட்டும் முன்பே வீட்டில் சொல்லிவிட்டுச் சேருங்கள்.

சான்றிதழைவிட, செய்ததைக் காட்டுவது வேலை கிடைக்கும் இடத்தில் எடுபடும். ரெஸ்யூமேயில் "ஏஐ தெரியும்" என்று எழுதாமல், "2பி சரிபார்ப்பைப் பவர் கொரியில் அமைத்து, நாட்கணக்கில் ஆன வேலையை மணிக்கணக்காகக் குறைத்தது" என்று உங்கள் உண்மையான கணக்கோடு எழுதுங்கள். இன்டர்வியூவுக்கு லேப்டாப்பில் படி 7-இன் சோதனை ஃபைலைக் கொண்டுபோய், பொறிகள் எப்படிப் பிடிபடுகின்றன என்று ரிஃப்ரெஷ் அழுத்திக் காட்டுங்கள். அதில் உள்ள எல்லாப் பெயரும் கற்பனை என்பதால் தயக்கமின்றிக் காட்டலாம். பழைய கம்பெனியின் உண்மையான ஃபைலைத் திறந்து காட்டுபவரை, எதிரே இருப்பவர் எவ்வளவு பாராட்டினாலும், வேலைக்கு எடுக்க மாட்டார்.